கைலி போர்த்திய பாதிரியார்

படம் பெரியதல்ல, ஒரு காலண்டர் அளவுதான். கறுப்பு அங்கியும் வெள்ளைக் கழுத்துப்பட்டையுமாக ஒருவர் நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். எண்ணெய் வண்ணம் வெடித்து நெற்றியெல்லாம் கோடு. வரைந்தவருக்குக் கை வரைய வராது போலிருக்கிறது, இரண்டையும் அங்கிக்குள் மறைத்துவிட்டார். வீட்டுக்காரம்மாவின் பாட்டனுக்குப் பாட்டன் அவர். ஹாலந்தில் பாதிரியாராக இருந்தவராம்.

பார்சிப்பனிக்குப் பக்கத்தில் அந்த வீட்டின் கீழ் அறைக்கு நானும் பாயும் 2001 கடைசியில் குடிபோனோம். நான் எட்டாவதோடு படிப்பை விட்டு, கப்பலில் சமையல்காரனாகத் திரிந்து, அங்கே ஒதுங்கியவன். பாய் கீழக்கரைக்காரர். இருவருக்கும் ஒரே கேஸ் ஸ்டேஷனில் வேலை. விமானம் மோதி இரட்டைக் கோபுரங்கள் விழுந்த வருடம் அது. பாயின் பெயரைக் கேட்டதுமே பல வீடுகளில் அறை இல்லை என்றார்கள். இந்த அம்மாள் மட்டும் பெயரை இன்னொரு முறை சொல்லச் சொல்லிக் கேட்டுவிட்டுச் சாவியைக் கொடுத்தாள். ஒரே நிபந்தனை, அறைச் சுவரில் மாட்டியிருக்கும் அந்தப் படத்தை யாரும் கழற்றக் கூடாது.

இரண்டு கட்டில் போட்டது போக, பாய் தொழுவதற்கு மிஞ்சிய இடம் அந்தச் சுவருக்கு எதிரில்தான் இருந்தது. தொழும் திசையும் அதுவே. முகம் உள்ள படத்தின் முன்னால் தொழக் கூடாது. அம்மாளிடம் சொல்லிப் பார்க்கலாமே என்றேன்.

"சொன்னா எதுக்குன்னு கேப்பாங்க. பதில் சொன்னா நாளைக்கே நாம ரோட்டுல. பனி கொட்டுது தம்பி" என்றார்.

அதனால் தொழும் நேரத்தில் தன் கட்டம் போட்ட கைலியைப் படத்தின் மேல் போர்த்துவார். முடிந்ததும் எடுத்துவிடுவார். "வாடகை குடுக்காம உக்காந்திருக்கிறவருக்குத் துணியும் நாமதானா பாய்?" என்று சீண்டுவேன். "வாயை மூடு" என்பார், சிரித்தபடி.

ஒரு மதியம் ஹீட்டரைப் பார்க்க வந்த அம்மாள் தட்டாமல் கதவைத் திறந்தாள். பாய் தொழுதுகொண்டிருந்தார். பாதிரியார் கைலிக்குள் இருந்தார். என்ன இது என்றாள் என்னிடம்.

"டஸ்ட் மேடம், டஸ்ட்" என்றேன். அவள் நகரவில்லை.

பாய்க்குக் கேட்டிருக்கும். ஆனாலும் அவசரப்படவில்லை. வழக்கம்போல இரு பக்கமும் முகம் திருப்பி, முடித்து எழுந்தார். "பொய் சொல்லாத தம்பி" என்று என்னை அடக்கிவிட்டு, தன் உடைந்த ஆங்கிலத்தில் அவளிடம் பேசினார். தொழும்போது எதிரில் எந்த முகமும் இருக்கக் கூடாது. என் வாப்பா படமானாலும் மூடத்தான் செய்வேன். கழற்றக் கூடாது என்றீர்கள், நான் கழற்றவில்லை.

நான் மனதுக்குள் பெட்டி கட்ட ஆரம்பித்திருந்தேன்.

அம்மாள் கொஞ்ச நேரம் கைலியையே பார்த்தாள். "இவர் தன் சர்ச்சில் ஒரு படம்கூட மாட்ட விட்டதில்லையாம். வெறும் வெள்ளைச் சுவர்தான். ஜெபம் செய்கிற இடத்தில் முகம் எதற்கு என்பாராம்" என்றாள். பிறகு துணியின் ஓரத்தைத் தொட்டு, "துவைத்ததுதானே?" என்றாள்.

"யெஸ் மேடம்" என்றார் பாய்.

படத்தைக் கைலியோடு கழற்றி மாடிக்கு எடுத்துப்போய்த் தன் சமையலறையில் மாட்டிக்கொண்டாள். மாலையில் கைலி மடித்து வாசலில் இருந்தது.

அதற்குப் பிறகு எத்தனையோ ஊர்களில், எத்தனையோ அறைகளில் இருந்துவிட்டேன். எங்கும் யாரும் எனக்காக ஓர் ஆணியைக்கூடக் காலி செய்து கொடுத்ததில்லை. நானும் கேட்டதில்லை.

அந்த அறையில் சில வருடம் இருந்த பிறகு பாய் டெக்சாஸுக்குக் கிளம்பினார். பெட்டிகள் காரில் ஏறிய பிறகு மாடிக்குப் போய்ப் படத்தைக் கேட்டு வாங்கிவந்தார். தூசி தட்டிப் பழைய ஆணியில் மாட்டினார். தள்ளி நின்று பார்த்து, சாய்வைச் சரிசெய்தார்.

"இனிமே இவரு உக்காரட்டும் தம்பி" என்றார்.