குதிகாலில் குத்திய ஊசிகள்

அந்த ஸ்பிரிட் பஞ்சின் வாசனை... மலைக் குளிரில் மூக்கில் சுருக்கென்று ஏறும். ஜன்னலுக்கு வெளியே பனி. உள்ளே, பிறந்த குழந்தையின் குதிகால் என் கட்டைவிரல் நுனி அளவுதான் இருக்கும். அதைப் பஞ்சால் துடைத்துவிட்டு ஊசியால் குத்துவேன்.

கொல்லிமலையில் ஒரு சின்ன ஆஸ்பத்திரி. நர்ஸாக எனக்கு முதல் வேலை. காளப்பநாயக்கன்பட்டியில் பஸ் ஏறி, வளைவு வளைவாகத் திரும்பி, சோளக்காடு என்ற ஊரில் இறங்கும்போது வயிறு கலங்கிப் போயிருக்கும். ஆனால் யூனிஃபார்ம் போட்டதும் ஒரு மிடுக்கு வந்துவிடும். இருபத்திரண்டு வயது. எல்லாம் தெரியும் என்ற நினைப்பு.

சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் சொல்லிவிடுகிறேன்.

மலை ஊர்களில் ஒன்றான வாழவந்தி நாட்டிலிருந்து பழனியம்மா என்ற பெண் பிரசவத்துக்கு வந்திருந்தார். முதல் குழந்தை, பெண். இரண்டு கிலோவுக்குச் சற்று மேல். எடை குறைந்த குழந்தைகளுக்கு ரத்தத்தில் சர்க்கரை இறங்கிவிடும் என்பதால், சில மணி நேரத்துக்கு ஒருமுறை குதிகாலில் குத்தி ஒரு சொட்டு எடுத்துப் பார்க்க வேண்டும். வழக்கமான வேலை.

அம்மாக்களை வெளியே அனுப்பிவிட்டுத்தான் குத்துவேன். அவர்கள் அழுதால் நமக்கு வேலை ஓடாது...

குழந்தையை மேஜையில் தனியாகக் கிடத்திக் காலை இறுக்கிப் பிடிப்பேன். குளிரில் ரத்தம் லேசில் வராது. பிதுக்குவேன். வராவிட்டால் மறுபடி குத்துவேன். முகம் சிவந்து, வாய் திறந்து, சத்தமே வராமல் ஒரு நொடி நின்று, பிறகு வீறிடும்.

இரண்டாம் முறை குத்தப் போனபோது பழனியம்மா கதவை விட்டு நகரவில்லை.

“ஏனுங்க சிஸ்டர்... நான் பால் குடுத்துட்டே இருக்கறனுங்க. அப்பக் குத்திக்கிறீங்களா? புள்ளைக்கு அவ்வளவா வலி தெரியாதுங்க.”

“பால் குடிக்கறப்பக் குத்துனா பொரை ஏறிடும். எனக்கே நீ சொல்லித் தர்றியா? வெளிய போம்மா.”

என்னைவிட இரண்டு மூன்று வயது மூத்தவர். அவர் ஒவ்வொரு வார்த்தைக்கும் ‘ங்க’ போட்டார். நான் ‘நீ’ என்றேன்.

மூன்றாம் முறைக்குப் பிறகு குழந்தை அழுது களைத்து, மார்பில் வாய் வைக்காமலே தூங்கிப்போனது. “குடிக்கவே மாட்டேங்குதுங்க” என்றார். “உனக்குக் குடுக்கத் தெரியல” என்றேன்.

அடுத்த முறை போனபோது கட்டில் காலி.

யாரிடமும் சொல்லாமல் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஊருக்குப் போய்விட்டார். டாக்டர் மேடம் பதறினார். சர்க்கரை ரொம்ப இறங்கினால் வலிப்பு வரலாம், உயிருக்கே ஆபத்து. “என்னம்மா ஆச்சு?” என்று கேட்டார்.

“அந்தம்மா ஒத்துழைக்கவே இல்ல மேடம்.”

கேஸ் ஷீட்டிலும் அதையே எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

மேடம் என்னையே ஜீப்பில் அனுப்பினார். குழந்தைக்கு ஏதாவது ஆகியிருந்தால் யார் காரணம் என்று எனக்கு மட்டும்தானே தெரியும்.

பழனியம்மா தன் வீட்டில், சேலைக்குள் குழந்தையை வெறும் மார்போடு அணைத்து உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் அணைப்பு இறுகியது. அந்தப் பார்வை... பிள்ளையைத் திருட வந்தவளைப் பார்க்கிற மாதிரி.

“வந்துடுங்க... சர்க்கரை பாக்காம இருந்தா ஆபத்துங்க” என்றேன். அப்போதுதான் எனக்கும் ‘ங்க’ வந்தது.

“பாக்க வேண்டாம்னு சொல்லலீங்க. எங்கிட்ட இருந்து புடுங்கிட்டுப் போயிக் குத்தாதீங்க. அவ்வளவுதானுங்க. இப்பக் குடிச்சிட்டுத்தான் இருக்குது. இங்கயே குத்துங்க. அப்புறம் நானும் வாரேன்.”

குத்தினேன்.

குழந்தை புருவத்தைச் சுருக்கியது. காலை லேசாக இழுத்தது. பிறகு மறுபடி சப்ப ஆரம்பித்துவிட்டது. பொரை ஏறவில்லை. அம்மா சூட்டில் கால் வெதுவெதுப்பாக இருந்ததால் ஒரே குத்தில் சொட்டு வந்தது. சர்க்கரையும் சரியாக இருந்தது.

“ஆச்சு சாமி... ஆச்சு கண்ணு...” என்று குழந்தையின் தலையைத் தடவினார். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. ஜீப்பில் கூடவே வந்தார். நல்லபடியாக இருந்து டிஸ்சார்ஜ் ஆனார்கள்.

இதோடு நான் திருந்திவிட்டேன் என்று எழுதத்தான் ஆசை. ஆனால் நடந்தது அதுவல்ல.

மன்னிப்புக் கேட்கவில்லை. எழுதியதைத் திருத்தவில்லை. அதைவிடக் கேவலம், மற்ற அம்மாக்களை வழக்கம்போல வெளியே அனுப்பினேன். அவசரம், ஆள் பற்றாக்குறை, சீனியர்கள் சிரிப்பார்கள்... காரணத்துக்கா பஞ்சம்? கண்ணால் பார்த்த பிறகும் அப்படியே குத்திக்கொண்டிருந்தேன். எத்தனை குழந்தைகள் என்று எண்ணிப் பார்க்கத் தைரியம் இல்லை.

சில வருடம் கழித்து நாமக்கல்லில் ஒரு ட்ரெய்னிங். பிறந்த குழந்தைக்கும் நன்றாக வலிக்கும், பால் கொடுத்துக்கொண்டே குத்துங்கள், தாயின் தோலோடு தோல் சேர்த்து வையுங்கள் என்று சொல்லிக்கொடுத்தார்கள். “யாராவது இத செஞ்சு பாத்திருக்கீங்களா?” என்று கேட்டார்கள்.

நான் கை தூக்கினேன். “மலையில வேலை பாக்கறப்பவே செஞ்சிருக்கேன் மேடம்.”

எல்லோரும் கை தட்டினார்கள். பழனியம்மாவின் பேரை நான் சொல்லவில்லை.

இப்போது அடிவாரத்தில் வேலை. எந்த அம்மாவையும் வெளியே அனுப்புவதில்லை. தடுப்பூசியோ ரத்தப் பரிசோதனையோ, குழந்தை முதலில் மார்பில் நன்றாகச் சப்பத் தொடங்க வேண்டும், பிறகுதான் ஊசியைக் கையில் எடுப்பேன். அன்றைக்கு வார்டு முழுக்கக் கேட்ட அந்த அலறல் இப்போது அவ்வளவாகக் கேட்பதில்லை. ஒரு சிணுங்கல், அதோடு சரி.

போன வாரம் ஒரு இளம் தாய், ஊசி போட்டதுகூடத் தெரியாமல் பால் குடித்துக்கொண்டிருந்த மகனைப் பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

“உங்களுக்கு ரொம்ப நல்ல கைங்க சிஸ்டர்.”

நான் ஊசியை டப்பாவில் போட்டுவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டேன். அன்றைக்கும் இதே கைதான்.