அப்புறம் மேடம்

பேனாவை மூடிக் கைப்பைக்குள் போட்ட பிறகுதான் கேள்வியைக் கேட்பார். கேட்ட பிறகு வாயைத் திறக்க மாட்டார். எதிரே இருப்பவர், பதில் சொல்லி முடித்துவிட்டோம் என்று மூச்சு விடுகிற இடத்தில், தலையைக் கொஞ்சம் சாய்த்து, "அப்புறம்?" என்பார். உண்மையான பதில் அதற்குப் பிறகுதான் வரும். அவரிடம் படித்தவர்கள் எல்லோருக்கும் அவர் 'அப்புறம் மேடம்'தான், முதுகுக்குப் பின்னால். இது அவருக்கும் தெரியும். ஒருமுறை தொலைபேசியை எடுத்து, "அப்புறம் மேடம்தான் பேசறேன், சொல்லுங்க" என்றார். மறுமுனையில் இருந்த ஆராய்ச்சி மாணவர் ஒரு வாரம் துறைப் பக்கமே தலைகாட்டவில்லை.

தொழிலால் பொருளாதாரப் பேராசிரியை. ஆனால் பேரம் பேசத் தெரியாது. காய்கறிக் கடையில் சொன்ன விலையைக் கொடுத்துவிட்டுப் பையை நீட்டுவார். கடைக்கார அம்மாவுக்கே மனசு கேட்காமல் இரண்டு எலுமிச்சம்பழம் கூடப் போடுவார். "பொருளாதாரம் படிச்சவங்களுக்குப் பேரம் பேசத் தெரியாதாம்மா?" என்று அவர் ஒருநாள் கேட்டபோது, "தெரிஞ்சிருந்தா எதுக்குக்கா படிக்கப் போறேன்?" என்று பதில் வந்தது. துப்பறியும் கதை என்றால் உயிர். ஆனால் கடைசிப் பக்கத்தை முதலில் படித்துவிடுவார். "யார் செஞ்சாங்கன்னு தெரிஞ்சுட்டா, எப்படிச் செஞ்சாங்கன்னு நிம்மதியா பார்க்கலாம்ல." வகுப்பில் யாராவது 'சராசரிக் குடும்பம்' என்று ஆரம்பித்தால் முகம் சுளிப்பார். "அந்தக் குடும்பத்தை நான் எந்தத் தெருவுலயும் பார்த்ததில்லப்பா."

கல்லூரி முடித்துவிட்டு, அடுத்து என்ன என்று விழித்துக்கொண்டிருந்த காலத்தில் நான் அவரிடம் வேலைக்குச் சேர்ந்தேன். வீடு வீடாகப் போய்க் கேள்வி கேட்கிற வேலை. இரண்டாவது மாடியில், நடைக்கூடத்தின் கோடியில் அவர் அறை. மழை பெய்தால் அதன் ஜன்னல் மூடாது, புழுங்கினால் திறக்காது. மேசை நிறையக் கணினி மையத்திலிருந்து வந்த நீளநீளத் தாள்கள் விசிறி மடிப்பாகக் கிடக்கும். அவற்றின் இரண்டு ஓரங்களிலும் வரிசையாக ஓட்டைகள் இருக்கும். பள்ளி விட்டதும் நேரே அம்மாவின் அறைக்கு வந்துவிடும் அவருடைய சின்னப் பெண், அந்த ஓரங்களைக் கிழித்து வளையல் செய்து முழங்கை வரை போட்டுக்கொள்வாள்.

கணினி மையம் குளிர்பதனக் கிடங்கு மாதிரி இருக்கும். கம்பளிச் சட்டையோடு போவோம். காலையில் கொடுத்த கணக்கு சாயங்காலம்தான் வெளியே வரும். நடுவில் ஒரு காற்புள்ளி பிசகியிருந்தால் அன்றைய பாடு அம்பேல். அச்சுப்பொறி கரகரவென்று ஓட ஆரம்பித்ததும், பிரசவ அறைக்கு வெளியே நிற்கிறவர்களைப் போல நானும் அவரும் நிற்போம். இன்று அந்தக் கணக்கை என் கைப்பேசியே கண்மூடித் திறப்பதற்குள் போட்டுவிடும்.

ஏழைக் குடும்பங்களில் யாருக்கு நோய் வருகிறது, யாருக்கு வைத்தியம் கிடைக்கிறது என்பதுதான் அப்போதைய ஆய்வு. பேனாவை மூடுகிற வழக்கமெல்லாம் அன்றைக்குக் கிடையாது. கேள்வித்தாளில் உள்ளதை உள்ளபடி கேட்க வேண்டும், ஒரு சொல் மாறக்கூடாது என்பது சட்டம். 'கடந்த ஒரு மாதத்தில் உங்களுக்கு உடல்நலக் குறைவு ஏதேனும் ஏற்பட்டதா?' என்று ஒப்பிப்போம். ஆண்கள் இருமல், இடுப்புவலி, பல்வலி என்று அடுக்குவார்கள். பெண்கள், "ஒண்ணுமில்லைங்க, நல்லாத்தான் இருக்கேன்" என்பார்கள். 'இல்லை' என்ற கட்டத்தில் குறி போட்டுவிட்டு அடுத்த வீட்டுக்குப் போவோம். கிட்டத்தட்ட ஒரு வருஷம் இப்படியே போனது.

ஒருநாள், தகரக் கூரை வீடுகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நின்ற ஒரு சந்தில், தையல் வேலை செய்யும் பெண் ஒருவரிடம் பேராசிரியை கேட்டுக்கொண்டிருந்தார். முந்தின நாளிலிருந்தே பேராசிரியைக்குக் காய்ச்சல். கண் சிவந்திருந்தது, எழுத்துக் கோணிக்கொண்டு போயிற்று. தையல்காரப் பெண் இயந்திரத்தை நிறுத்திவிட்டு அவரை உற்றுப் பார்த்தார்.

"என்னம்மா, உடம்பு சரியில்லையா? முகம் ஒரு மாதிரி இருக்கே."

"ஒண்ணுமில்லைங்க, நல்லாத்தான் இருக்கேன்."

சொன்ன மறுகணமே அவர் பேனா நின்றுவிட்டது. எழுந்து வெளியே போய் வாசற்படியில் உட்கார்ந்தார். மயக்கமாக்கும் என்று பயந்து நான் தண்ணீரை எடுத்துக்கொண்டு ஓடினேன்.

"இப்ப நான் என்ன சொன்னேன்?" என்றார்.

"நல்லா இருக்கேன்னு சொன்னீங்க மேடம்."

"அனலாக் கொதிக்குது எனக்கு. நோயைப் பத்தி ஆராய்ச்சி பண்ற என் வாயிலயே அதுதான் வருது. அப்ப நாம ஒரு வருஷமா என்னத்தைக் குறிச்சிக்கிட்டு இருக்கோம்?"

பல் கிடுகிடுக்கச் சிரிக்கத் தொடங்கிவிட்டார். தையல்காரப் பெண் ஒன்றும் புரியாமல், தைத்துக்கொண்டிருந்த போர்வையையே கொண்டுவந்து அவர்மேல் போர்த்தினார்.

துறைத்தலைவரைக் கெட்டவர் என்று சொல்ல முடியாது. ஆய்வின் முடிவுகளைப் பெரிய கருத்தரங்கு ஒன்றில் வாசிப்பதாக வாக்குக் கொடுத்துவிட்டவர், அவ்வளவுதான். ஆண்களைவிடப் பெண்களே ஆரோக்கியமாக இருக்கிறார்கள் என்று தலைப்புவரை எழுதி வைத்திருந்தார். பேராசிரியை போய், இந்தக் கணக்கை வெளியிடக் கூடாது என்றபோது நான் கதவோரம் தாள்கட்டோடு நின்றிருந்தேன்.

"ஒரு வருஷ வேலைம்மா. தூக்கிக் குப்பையில போடச் சொல்றீங்களா?"

"போட வேண்டாம் சார். பத்திரமா வைங்க. எப்படிக் கேட்கக் கூடாதுன்னு பாடம் நடத்த ஆகும்."

"பணம் கொடுத்தவங்களுக்கு நான் என்ன பதில் சொல்றது?"

"நான் தப்பாக் கேட்டுட்டேன்னு சொல்லுங்க. என் பேரைச் சொல்லியே சொல்லுங்க."

அவர் அப்படியே சொல்லிவிட்டார் போலும். அந்த ஆண்டோடு பேராசிரியையின் ஒப்பந்தம் முடிந்தது, புதுப்பிக்கப்படவில்லை. ஜன்னல் மூடாத அந்த அறைக்கு வேறொருவர் வந்தார். இவர் ஒரு மாலைக் கல்லூரியில் கணக்குப்பதிவியல் நடத்தப் போனார். எனக்கும் வேலை போய், அச்சகம் ஒன்றில் பிழை திருத்தச் சேர்ந்தேன். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை ஆனால் இரண்டு பேரும் பஸ் ஏறிவிடுவோம். சம்பளம் கிடையாது, போகவர டிக்கெட் அவர் கணக்கு. அந்த ஞாயிற்றுக்கிழமைகளைப் போல நான் வாழ்க்கையில் எதையும் ஆசையாகச் செய்ததில்லை.

அவர் கணவர் பள்ளி ஓவிய ஆசிரியர். மெலிந்த, சத்தமில்லாத மனிதர். மனைவியை 'டாக்டரம்மா' என்று கிண்டலாகத்தான் கூப்பிடுவார். வேலை போன வருத்தம் வீட்டில் புழுங்கிக்கொண்டிருந்த ஒரு மாலையில், "நோய் இருக்கான்னு ஏன் கேட்கறே? செய்ய முடியாமப் போன வேலை எதுன்னு கேளேன்" என்றார். சொன்னதோடு நிற்காமல் கெட்டி அட்டைகளில் படம் வரைந்தார். தண்ணீர்க் குடம் தூக்கும் பெண், குனிந்து பெருக்கும் பெண், குழந்தையை இடுப்பில் வைத்திருக்கும் பெண், துணி பிழியும் பெண். மாதிரிக்கு வேறு ஆள் கிடைக்காததால் எல்லாப் பெண்களுக்கும் பேராசிரியையின் மூக்கு, பேராசிரியையின் கொண்டை. வீடுகளில் அட்டையைப் பரப்பியதும் முதலில் ஒரு சிரிப்பு எழும். "ஏம்மா, இது நீங்கதானே? உங்க வீட்ல இவ்வளவு வேலை வாங்கறாங்களா?"

சிரித்த பிறகு பேசினார்கள். போன வாரம் வலியோடு செய்த வேலை எது என்று கேட்டால், ஓர் அட்டையை எடுப்பார்கள், யோசித்து இன்னொன்றையும் எடுப்பார்கள். பேனா மூடப்பட்டதும் 'அப்புறம்?' பிறந்ததும் அந்த நாட்களில்தான். கேட்டதையெல்லாம் பஸ்ஸில் திரும்பும்போது குலுங்கிக் குலுங்கி எழுதுவோம். ஆண்களைவிடப் பெண்கள்தான் அதிகம் நோயைச் சுமந்துகொண்டு திரிகிறார்கள் என்பது அந்த அட்டைகளிலிருந்துதான் தெரிந்தது. இன்னொன்றும் தெரிந்தது. அரசு மருத்துவமனை காலையில் திறந்து மதியம் மூடிவிடும். அந்த நேரம் இந்தப் பெண்கள் எல்லோரும் வேலையில் இருப்பார்கள்.

சுகாதாரத் துறையின் படிகளில் ஏறி இறங்கியே அவருடைய இரண்டு ஜோடிச் செருப்பு தேய்ந்தது. கடைசியில், தொல்லை தாங்காமல்தானோ என்னவோ, ஒரு சிறிய மருத்துவமனையை மட்டும் சோதனைக்காகச் சாயங்காலமும் திறக்கச் சம்மதித்தார்கள். முதல் வாரம் ஒருவரும் வரவில்லை. "ஈ ஓட்டிக்கிட்டு இருக்கோம் மேடம்" என்று மருத்துவர் கடிகாரத்தைப் பார்த்தார். பேராசிரியை வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து, பாதி குடித்த டீயை ஆறவிட்டுக்கொண்டு, தெருவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த வாரம், செங்கல் சூளை வேலை முடிந்து, கையில் புழுதியோடு ஒரு பெண் வந்தார். "கால் வலிங்க, வேற ஒண்ணுமில்ல" என்று வாசலிலேயே சொல்லிவிட்டு உள்ளே போனார். நெடுநேரம் வெளியே வரவில்லை. பிறகு செவிலி மட்டும் வந்து பேராசிரியையின் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"கர்ப்பப்பை இறங்கியிருக்கு மேடம். கடைசிப் பிள்ளை பிறந்ததுலேர்ந்தாம். அந்தப் பிள்ளை இப்ப பள்ளிக்கூடம் போகுது. துணியை வச்சுக் கட்டிக்கிட்டே செங்கல் சுமந்திருக்காங்க."

பேராசிரியை செவிலியின் கையைப் பிடித்துக்கொண்டார். அந்தப் பெண்ணுக்கு அறுவை சிகிச்சை நடந்தது. குணமானவர் தன் தெருவையே கூட்டிக்கொண்டு வந்தார். மாதக் கடைசியில் பெஞ்சில் இடமில்லாமல் பேராசிரியை நின்றுகொண்டிருந்தார்.

பிறகு நடந்தது பலருக்கும் தெரியும். மாலை மருத்துவமனைகள் பெருகின. அந்த ஆய்வு பாடப்புத்தகங்களில் ஏறியது. பழைய பல்கலைக்கழகமே அவரைக் கூப்பிட்டு நிரந்தரப் பதவி கொடுத்தது. காகித வளையல் போட்ட மகள் வளர்ந்து வேறு ஊருக்குப் போனாள். ஓவிய ஆசிரியர் ஒரு மழைக்காலத்தில், உறக்கத்திலேயே போய்விட்டார். அந்த அட்டைகளுக்குச் சட்டம் போட்டு மாட்டலாமே என்று யாரோ சொன்னபோது, "வேண்டாம்ப்பா. அவர் தன் படத்துல கையெழுத்தே போடாதவர்" என்று மட்டும் சொன்னார் பேராசிரியை.

போன மாதம் துறையில் ஒரு கருத்தரங்கு. ஓய்வு பெற்றவர்களையும் அழைத்திருந்தார்கள். என்னையும் உடன் வரச் சொன்னார். ஓர் இளம் பெண் ஆய்வாளர் பேசினார், திரையில் கோடுகள் ஓடின. மாலை மருத்துவமனைகள் வந்த பகுதிகளில் அம்மாக்கள் குணமானார்கள், அதில் சந்தேகமே இல்லை என்று தொடங்கினார். பிறகு குரல் கொஞ்சம் இறங்கியது. "ஆனா அந்தச் சாயங்கால நேரத்துல அடுப்பையும் கைக்குழந்தையையும் பார்த்துக்கிட்டது யார்னு தேடினோம். அந்த வீட்டு மூத்த பெண் பிள்ளைங்க. அந்தப் பகுதிகள்ல மட்டும் அவங்க படிப்பைப் பாதியில விட்டது அதிகமாயிருக்கு." அவர்களின் பள்ளி வருகையைக் காட்டும் சிவப்புக் கோடு ஒன்று திரையில் கீழே இறங்கியது.

அரங்கமே பேராசிரியையின் பக்கம் திரும்பியது. அந்தப் பெண்ணும் பார்த்தார். "மேடத்தோட ஆய்வைக் குறை சொல்றதா யாரும்..." என்று இழுத்து, பாதியில் நின்றார். பக்கத்தில் இருந்த எனக்குப் பேராசிரியை மூச்சு விடுவது கேட்டது. "பிள்ளைங்களை நான் கேட்கவே இல்லியே" என்று எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்.

பிறகு எழுந்தார். பதில் சொல்லப் போகிறார் என்று ஒருவர் ஒலிவாங்கியை நீட்டினார். அவர் அதை வாங்காமல், சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாக முன்னே நடந்தார். திரைக்கு மேலே எரிந்துகொண்டிருந்த குழல்விளக்கின் வெளிச்சத்தில் அந்தச் சிவப்புக் கோடு வெளிறிப்போய்ப் பாதிக்குத்தான் தெரிந்தது. சுவரிலிருந்த சுவிட்ச் பலகையில் முதல் பொத்தானை அழுத்தினார், மின்விசிறி நின்றது. அதைத் திரும்பப் போட்டுவிட்டு அடுத்ததை அழுத்தினார். விளக்கு அணைந்தது. பின்வரிசை வரைக்கும் பளிச்சென்று தெரிகிற மாதிரி கோடு திரையில் நின்றது. அவர் விசையின் மேலிருந்து கையை எடுக்காமல் அந்தப் பெண்ணைப் பார்த்து, பேசு என்பதுபோலத் தலையை அசைத்தார்.