அவள் நம்பிவிட்ட வரி

இந்த லியோன் நகரத்தில் எங்கள் தெருமுனை ரொட்டிக்கடைக்காரி, ரொட்டியைக் காகிதத்தில் சுற்றி நீட்டும்போது "மோன் ஷெரி" என்பாள். என் அன்பே என்று அர்த்தம். எனக்கு மட்டுமில்லை, தபால்காரருக்கும் அதேதான், பல் போன கிழவருக்கும் அதேதான். வந்த புதிதில் எனக்குக் கூச்சம் தாங்காது, மீதிச் சில்லறையை வாங்காமலே ஓடி வந்திருக்கிறேன். பதினோரு வருஷம் என் மனைவியாக இருந்த சவரியம்மாள் என்னை ஒரு தடவைகூட எதுவும் சொல்லிக் கூப்பிட்டதில்லை. நான் திரும்பிப் பார்க்க வேண்டுமென்றால் பக்கத்தில் வந்து நிற்பாள், கை வளையலை லேசாக ஆட்டுவாள். அவ்வளவுதான்.

நான் ஆவூர்ப் பக்கத்துக்காரன். புதுச்சேரியில் ஒரு பிரெஞ்சு அதிகாரி வீட்டில் சமையல் வேலை பார்த்தேன். அவர்கள் ஊரைக் காலிசெய்து கிளம்பியபோது, இரண்டு வருஷம் இருந்துவிட்டு வரலாம் என்று என்னையும் கூட்டி வந்தார்கள். சவரியம்மாளிடமும் அதையே சொல்லிவிட்டுத்தான் கப்பல் ஏறினேன். இரண்டு வருஷம் ஐந்தாயிற்று. இதற்கிடையில் அதிகாரி இறந்துபோனார். அவர் மனைவியை நான் மதாம் என்று கூப்பிடுவேன். மதாம் தனியாகிவிட்டார், அவரை விட்டுவிட்டு வர எனக்கும் மனசு வரவில்லை.

என் பிரெஞ்சு அடுப்படிப் பிரெஞ்சு என்று மதாமுக்குக் குறை. அலமாரியிலிருந்து போன நூற்றாண்டுக் காதல் கதை ஒன்றை எடுத்துக் கொடுத்து, தினம் இரண்டு பக்கம் படி என்றார். அடேயப்பா, என்ன பேச்சுப் பேசுகிறார்கள்! கதாநாயகன் தன் காதலியின் கையுறையைப் பார்த்தாலே அழுகிறான். அவள் ஜன்னலைச் சாத்தினால், "என் இதயம் நின்றுவிட்டது" என்கிறான். மனசில் என்ன இருக்கிறதோ அதற்குப் பெயர் வைத்து, எதிரே நின்று, முகத்தைப் பார்த்துச் சொல்லிவிடுகிறார்கள். அத்தியாயத்துக்கு ஒரு தடவை சாகப்போகிறேன் என்றவன், கடைசியில் வேறொருத்தியைக் கட்டிக்கொண்டு உடம்பு பெருத்துச் சௌக்கியமாக இருக்கிறான். இவன் ஏன் சாகவில்லை என்று மதாமிடம் கேட்டேன். "அது சாவு இல்லை, அது காதலின் பாஷை" என்று சிரித்தார்.

நானும் சிரித்துவிட்டுச் சும்மா இருந்திருக்கலாம். ஆனால் பொறாமை என்னைப் பிடித்துக்கொண்டது. நானும் சவரியம்மாளும் போட்டுக்கொண்ட கடிதங்களில் என்ன இருந்தது? நான் சௌக்கியம், நீ சௌக்கியமா, மழை உண்டா, மாடு கன்று போட்டதா. அவளிடம் நானும் ஒரு தடவையாவது சொல்ல வேண்டும் என்று வெறியே வந்துவிட்டது. கதையில் எனக்குப் பிடித்த வரியைத் தமிழாக்கி எழுதினேன்: "நீ இல்லாமல் என் உயிர் போய்க்கொண்டிருக்கிறது. இந்தக் கடிதம் உன் கைக்கு வரும்போது நான் செத்தவனாகவே இருப்பேன்." எழுதி முடித்து நாலு தடவை படித்துப் பார்த்து மெச்சிக்கொண்டேன், முட்டாள்.

சவரியம்மாளுக்கு எழுத்துத் தெரியாது. அவள் தம்பி சின்னப்பனுக்கும் தெரியாது. கோயில் உபதேசியார்தான் கடிதம் படிப்பார், பதிலும் எழுதிக் கொடுப்பார். வெளிநாட்டுக் கடிதம் என்றால் வாசலில் அக்கம்பக்கமெல்லாம் கூடிவிடும். உபதேசியார் அந்த வரி வரைக்கும் உரக்கப் படித்தாராம். பிறகு குரலை இறக்கி முடித்துவிட்டு, கடிதத்தைக் கிழித்துப் போட்டாராம். சாவுச் செய்தி வந்த கடிதத்தை வீட்டில் வைக்கக் கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். அவர்மேல் என்ன தப்பு?

சவரியம்மாள் அழவில்லையாம். கால்நடையாகவே கோயிலுக்குப் போய், மாதா முன்னால் முழந்தாளிட்டு, அவர் உயிரைத் திருப்பிக் கொடு, பதிலுக்கு என்னை எடுத்துக்கொள் என்று பொருத்தனை செய்திருக்கிறாள். உயிரோடுதான் இருக்கிறீர்களா, உடம்பு எப்படி இருக்கிறது என்று சின்னப்பன் பதறி எழுதச் சொன்ன கடிதம் எனக்கு வந்தது. பொருத்தனை விஷயமும் அதிலேயே இருந்தது.

இங்கேதான் நான் செய்த பாவம். அது சாவு இல்லை, உன்மேல் இருக்கிற ஆசை என்று எழுதியிருந்தால் தீர்ந்திருக்கும். எழுத உட்கார்ந்தேன். உபதேசியார் அதை உரக்கப் படிப்பார், அக்கம்பக்கம் கேட்கும், பொம்பளைகள் வாயைப் பொத்திச் சிரிப்பார்கள் என்று நினைத்ததும் கை நகரவில்லை. வெட்கம். "நலம், கவலை வேண்டாம்" என்று தந்தி மட்டும் கொடுத்தேன். என் தந்தியை அவள் மாதாவின் பதிலாக எடுத்துக்கொண்டாள்.

அந்த ஐப்பசி மழையில் அவளுக்கு விஷக்காய்ச்சல் வந்தது. அவள் இறந்த செய்தி சொன்ன தந்திதான் எனக்கு முதலில் கிடைத்தது. அவள் படுத்திருந்தபோது சின்னப்பன் எழுதச் சொன்ன கடிதம் அதற்குப் பிறகு வந்தது. "மச்சான், அக்கா மருந்து வேண்டாங்குது. அவரு நல்லா இருக்காருன்னு தந்தி வந்துருச்சுல்ல, மாதாகிட்ட குடுத்த வார்த்தைய நான் மாத்தலாமாங்குது. நீங்க ஒரு வார்த்த எழுதுனா கேக்கும்." அவளைப் புதைத்து இருபது நாள் கழித்து இதைப் படித்தேன்.

இப்போதும் சமைக்கும்போது கரண்டிகள் ஒன்றோடொன்று இடித்தால் திரும்பிப் பார்க்கிறேன். யாரும் இருப்பதில்லை. ஆனால் யாரோ காத்து நின்றுவிட்டுப் போனமாதிரி இருக்கும். அப்போது எனக்குப் பயமாக இருக்கிறது. அவள் வந்து நிற்காத நாள்களில் அதைவிடப் பயமாக இருக்கிறது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதாமிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பிரெஞ்சில் தங்குதடையில்லாமல் வந்தது. தமிழில் ஒருவரிடமும் இன்றுவரை சொல்ல முடியவில்லை. மதாம் என் கையைப் பிடித்துக்கொண்டு, கண் கலங்க, "எவ்வளவு அழகான காதல் கதை" என்றார். நான் கையை இழுத்துக்கொண்டு பாத்திரம் கழுவப் போனேன்.

போன வாரம் சின்னப்பனிடமிருந்து கடிதம், உபதேசியாரின் கையெழுத்தில். "அக்கா கல்லறைக்குப் பக்கத்துல ஒங்களுக்கு எடம் விட்டு வச்சிருக்கோம் மச்சான். வாரீங்களா, இல்லையா? வாரேன்னு சொல்லிட்டா நாங்க வேற யாருக்கும் குடுக்க மாட்டோம்."

வாரேன் என்று ஒரு சொல் போதும். இங்கே என்றால் சொல்லிவிட்டு மறந்துவிடலாம், யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். அங்கே அதை நம்பி ஒரு ஆள் நீளத்துக்கு மண்ணைச் சும்மா போட்டு வைப்பார்கள், எத்தனை வருஷமானாலும். உறையின்மேல் ஊர் விலாசம் எழுதி, இந்த நாட்டுத் தபால்தலையும் ஒட்டி மேஜையில் வைத்திருக்கிறேன். உள்ளே வைக்க வேண்டிய தாளில் இன்னும் ஒன்றும் எழுதவில்லை.