கிழவியின் தட்டு

சிதம்பரத்தில் என் நாத்தனார் வாடகை வீடு மாறினார். புது வீட்டு ஓனர் பூனை கூடாதென்று சொல்லிவிட்டாராம். உடனே என் வீட்டுக்காரர் பஸ் ஏறிப் போய், தன் அக்காவின் பூனையைக் காய்கறிக் கூடைக்குள் போட்டு, மேலே துண்டைக் கட்டிக் கடலூருக்குக் கொண்டுவந்துவிட்டார். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

எங்கள் வீட்டில் ஏற்கனவே இரண்டு பூனைகள். ஒருவன் சோம்பேறிக் கடுவன். இன்னொருத்தி கிழவி, பதிமூன்று வயது. நான் சமைத்தால் காலடியில் இருப்பாள், படுத்தால் வயிற்றோரம் சுருண்டுகொள்வாள். அவளை நினைத்துத்தான் அவரிடம் அடித்துச் சொன்னேன்.

"ஒரு வாரம் புதுச தனி ரூம்ல வைங்க. கதவுக்கு ரெண்டு பக்கமும் மோந்து பழகட்டும்."

"வூட்டுக்கு வந்தத பூட்டி வைக்கிறதா? அக்கா கேட்டா என்னா நெனைக்கும்?"

இந்த வீட்டில் அது ஒரு சட்டம். வந்தவர்களுக்குத்தான் முதல் பரிமாறல். நாத்தனார் வந்தால் கொடுவா மீனின் நடுத்துண்டெல்லாம் அவர் தட்டுக்குப் போகும். கடைசியில் உட்காரும் எனக்குத் தலை மிஞ்சும். அந்த மரியாதையைப் பூனைக்கும் செய்தார் மனுஷன். கூடையைத் திறந்த கையோடு, கிழவியின் மூலையில், கிழவியின் தட்டில் வேகவைத்த நடுத்துண்டை வைத்துப் புதியவளை உட்காரவைத்தார்.

கிழவி சீறவில்லை, சண்டை போடவில்லை. கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு மதில் ஏறிப் பக்கத்து வீட்டு மாடித் தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் போய்ப் படுத்துவிட்டாள்.

மூன்று நாள். பால் வைத்தேன், கருவாடு வைத்தேன், கெஞ்சினேன். எதையும் தொடவில்லை. விலா எலும்பு தெரிய ஆரம்பித்தது. கடுவனோ முதல் நாளே புதியவளோடு முதுகு ஒட்டித் தூங்கினான், வெட்கங்கெட்டவன்.

"கெழவி செத்தா ஒங்கள சும்மா வுட மாட்டேன். நீங்களே போய்க் கூட்டியாங்க!" என்று கத்தினேன். அழுகையும் வந்துவிட்டது.

நான்காம் நாள் காலை, புதியவளை அறையில் விட்டுக் கதவைச் சாத்தினார். கொடுவா வாங்கிவந்து, ஒரு துண்டை வேகவைத்து, அதே தட்டோடு பக்கத்து வீட்டு மாடி ஏறினார். நானும் பின்னாலேயே போனேன். தொட்டிக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

"தப்புதாண்டி. இந்த வூட்டுக்கு மூத்தவ நீதான். இனிமே நீ தின்னப்புறந்தான் யாருக்கும்."

கிழவி வெகுநேரம் அவரையே பார்த்தாள். அப்புறம் மெல்ல வந்து ஒரு வாய் தின்றாள். இன்னொரு வாய் தின்றாள்.

எனக்குப் போன உயிர் வந்தது. கூடவே வயிறும் எரிந்தது. கல்யாணமாகிப் பதினெட்டு வருஷம், எனக்கு இப்படி ஒரு வார்த்தை உண்டா?

"அதையே இந்தப் பக்கம் திரும்பி ஒரு தரம் சொல்றதுதானே?" என்றேன்.

உறைத்திருக்க வேண்டும். அன்று மத்தியானம் என்னை முதலில் உட்காரவைத்து அவரே பரிமாறினார். குழம்புச் சட்டிக்குள் கரண்டியை விட்டு, தேடித் துழாவி எடுத்து என் தட்டில் வைத்தார்.

"இந்தா, ஒனக்குப் புடிச்ச தலை."