நாலு கவளமும் ஒன்பதாம் நம்பர் லாரியும்

சோளக்களியை உருட்டி, கீரையில் புரட்டி, வாயில் போட்டுக்கொண்டே பானா கசோண்டே வாசலைப் பார்க்கிறாள். உட்காருவதில்லை. உணவுக்கூடத்தில் பெஞ்சுக்கா பஞ்சம்? நின்றபடியே நாலு கவளம் உள்ளே போகும், குழாயடியில் கை நனையும், தலைக்கவசத்தைக் கவிழ்த்துக்கொண்டு கிளம்பிவிடுவாள்.

"களிய மெல்லுறீங்களா, இல்ல மண்ணு கொட்டுற மாதிரி அப்படியே கொட்டிக்கிறீங்களா?" என்று ஆண் ஓட்டுநர்கள் கேலி செய்வார்கள்.

"கொட்டுறதுக்குத்தானேப்பா சம்பளம்!"

வீட்டு உயர லாரியில் செம்புப் பாறை ஏற்றிப் போகிறவள். கசோண்டே அவள் மகன். அவன் பிறந்த நாளிலிருந்து ஊரே அவளைக் கசோண்டேயின் அம்மா என்ற பொருளில் 'பானா கசோண்டே' என்றுதான் கூப்பிடுகிறது. சுரங்கக் குழியில் லாரி நிற்கவே கூடாது. ஒருவர் சாப்பிட இறங்கினால், இருக்கைச் சூடு ஆறுவதற்குள் இன்னொருவர் ஏறிவிட வேண்டும். ஆளுக்கு அரை மணி நேரம். மற்றவர்களுக்கு அது தாராளம். கைக்குழந்தைக்காரி மாபாலோவுக்கு? அவள் தங்கை குழந்தையோடு வெளிவாசலில் காத்திருப்பாள். அங்கே போய்வரவே அரை மணி சரியாகிவிடும். பிள்ளை எப்போது பால் குடிப்பது? இப்படித்தான் கைதேர்ந்த பெண்கள் பலர் லாரியை விட்டிறங்கிச் சந்தையில் தக்காளிக் கூறு போடப் போனார்கள்.

"பொம்பளைங்க நிலைக்க மாட்டாங்க. பழக்குறதே தண்டம்" என்பார் மேற்பார்வையாளர் சியாமே. அதைக் கேட்டாலே பானா கசோண்டேவுக்குப் பற்றிக்கொண்டு வரும். மாபாலோவும் மாதக் கடைசியோடு நின்றுவிடுவதாக இருந்தாள்.

அதற்குத்தான் இந்த அவசரச் சாப்பாடு. நாலு கவளம் போக மிச்ச நேரத்தை மாபாலோவுக்குக் கொடுத்துவிட்டு, அவளுடைய ஒன்பதாம் நம்பர் லாரியை இவள் ஓட்டுகிறாள்.

"எதுக்கும்மா எனக்காகப் பட்டினி கெடக்குறீங்க?" என்று மாபாலோ அழுதாளாம்.

"கசோண்டே கைப்பிள்ளையா இருந்தப்ப சிச்சோனே பெரியவர் வயித்தக் காயப்போட்டு என் லாரிய ஓட்டுனாரு, புண்ணியவான். அவரு இல்லன்னா நானும் இன்னிக்குத் தக்காளிதான்டி. அழாம போய்ப் பால் குடு."

ஓய்வு பெற்றுவிட்ட அந்தச் சிச்சோனே வீட்டுக்குப் பண்டிகை தவறாமல் இன்றும் ஒரு கோழி போகிறது.

ஒரு நாள் வாக்கிடாக்கியில் சியாமேயின் குரல் உறுமியது. "ஒன்பதுல யாரு? மாபாலோ, பதில் சொல்லு!" அனுமதியில்லாமல் லாரி மாற்றினால் வேலையே போகும். குழியிலிருந்த அத்தனை லாரியிலும் அந்த உறுமல் கேட்டது.

"மாபாலோ இல்லீங்க, நான்தான். அவ பிள்ளைக்குப் பால் குடுக்குறா. பொம்பளைங்க நிலைக்க மாட்டாங்கன்னீங்களே, நிலைக்கட்டும்னுதான் ஓட்டுறேன். சீட்டக் கிழிக்கிறதுன்னா என் சீட்டக் கிழிங்க."

சியாமே வாயெடுப்பதற்குள், உணவுக்கூடத்தில் கேலி பேசிய குரல்களில் ஒன்று குறுக்கே வந்தது. "ஐயா, நாளைக்கு என் நேரத்துல பாதிய மாபாலோவுக்குப் போடுங்க."

"நாளான்னிக்கு என்னோடது!"

"என்னையும் சேத்துக்குங்கப்பா. அந்தம்மா ஒரு நாளாவது உக்காந்து தின்னட்டும்!"

சியாமே தொண்டையைச் செருமினார். "முறை வச்சுக்குங்க. லாரி மட்டும் நிக்கப்படாது, சொல்லிட்டேன்."

மகராசனாக இருக்கட்டும் மனுஷன்.

மறுநாளும் பானா கசோண்டே நின்றபடியேதான் தூக்கைத் திறந்தாள். பழக்கதோஷம். பால் கொடுத்துவிட்டு லாரிக்குத் திரும்பிக்கொண்டிருந்த மாபாலோ உள்ளே வந்து, அவள் தோளை அழுத்திப் பெஞ்சில் உட்கார வைத்தாள். அந்த ஊர் வீடுகளில் சாப்பாட்டுக்கு முன் பெரியவர்களுக்கு மரியாதை செய்வது போலவே, சுரங்க உடுப்போடு சிமெண்டுத் தரையில் மண்டியிட்டு, கிண்ணத்தை ஏந்தி, அவள் கைகளுக்குத் தண்ணீர் ஊற்றினாள். செம்புத் தூசியெல்லாம் போய்க் கை சுத்தமான பிறகும், பானா கசோண்டே கையை எடுக்காமல் நீட்டிக்கொண்டே இருந்தாள்.