ஸ்வெட்டர் போடாத அடியாள்

அன்றைக்கு அங்கே இருந்தவர்கள் மொத்தம் ஐந்து பேர். கடன் கொடுத்த ஃபைனான்ஸ்காரர், அவருடைய கார் டிரைவர், கட்டபெட்டில் வீட்டின் முன்னறையையே தையல் கடையாக வைத்திருக்கும் பெண், ஒரு பாவாடையைப் பிரித்துத் தைக்கக் கொண்டு வந்திருந்த பக்கத்து வீட்டு அம்மா, அப்புறம் நான். பத்துப் பேர் போய் வீட்டை நொறுக்கினார்கள் என்று பிற்பாடு ஒரு பேச்சு கிளம்பி, குன்னூர் வரை வந்து, என் மனைவி காதில் விழுந்தது. இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. அதனால்தான் ஆளை எண்ணிச் சொல்கிறேன்.

என் முகத்தைப் பற்றிச் சொல்லாவிட்டால் இது புரியாது. எட்டாம் வகுப்போடு நின்றுவிட்டு, டீ ஃபேக்டரியில் இலை மூட்டை இறக்கப் போனவன் நான். பதினெட்டு வயதில் லாரியின் பின்கதவு அவிழ்ந்து மூஞ்சியில் அடித்தது. மூக்கு ஒரு பக்கமாக உட்கார்ந்துவிட்டது. புருவத்தில் ஆழமாக ஒரு வெட்டு. அன்றிலிருந்து பஸ்ஸில் என் பக்கத்து சீட் கடைசியாகத்தான் நிரம்பும். உள்ளே இருப்பவன் வேறு ஆள். கேஸை மூடினோமா என்று பாதி வழியில் இறங்கி வீட்டுக்குத் திரும்புகிறவன். மகள் போன் எடுக்கவில்லை என்றால், ஆஸ்பத்திரி வராந்தாவில் நான் நிற்பது வரைக்கும் நினைத்துப் பார்த்துவிடுகிறவன்.

சில வருஷங்களுக்கு முன் பக்கத்து எஸ்டேட்டில் ஒரு சினிமா எடுத்தார்கள். வில்லனுக்குப் பின்னால் நிற்க ஆள் தேடி ஃபேக்டரிக்கு வந்தவர்கள், என்னைப் பார்த்த பிறகு வேறு யாரையும் பார்க்கவில்லை. மூன்று நாள் வேலை. வசனம் கிடையாது. விடிகாலைப் பனியில், கையில்லாத பனியனோடு நிறுத்தினார்கள். பல் அடித்துக்கொள்ளும் சத்தம் கேட்டுவிடுமோ என்று தாடையை இறுக்கிக் கடித்துக்கொண்டு நின்றேன். "அதேதான், அதேதான்! அப்படியே நில்லுங்க" என்று டைரக்டர் கத்தினார். கடைசியில் என்னைக் கிணற்றில் தள்ளி முடித்துவிட்டார்கள்.

அங்கேதான் உதவி டைரக்டர் ஒருவர் போனில் ஒரு படம் காட்டினார். கறுப்பு வெள்ளை. அந்தக் காலத்து ஹாலிவுட் நடிகராம். தொப்பி, கோணல் மூக்கு, பூட்டுப் போட்ட மாதிரி வாய். "உங்களுக்கு அண்ணன் மாதிரி இருக்காரு பாருங்க" என்றார். எனக்குப் பயமாக இருந்தது. ஆனாலும் பேரைக் கேட்டு ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி வாங்கிக்கொண்டேன்.

அன்று சாயங்காலம் மகள் அவரைப் பற்றி இங்கிலீஷில் இருந்ததைப் படித்து, தமிழில் சொல்லிக்கொண்டே வந்தாள். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவர். ஐஸ் வண்டி ஓட்டியவர். குதிரை உதைத்து உடைந்த மூக்கை, குத்துச்சண்டையில் உடைந்தது என்று சினிமா கம்பெனி விளம்பரம் செய்திருக்கிறது. முதல் இருபது படங்களில் கால் மணி நேரத்துக்கு மேல் அவர் உயிரோடு இருந்ததில்லை. பிறகு அவரே கதாநாயகன் ஆனார், ஆனால் தொப்பியும் துப்பாக்கியும் மாறவில்லை. ஹோட்டலுக்குச் சாப்பிடப் போனால் குடிகாரன் எவனாவது வந்து சட்டையைப் பிடித்து வெளியே கூப்பிடுவானாம். இவர் சமையல்கட்டு வழியாக ஓடிவிடுவாராம்.

ஒரே ஒரு தடவை பள்ளிக்கூட வாத்தியார் வேஷம் கேட்டிருக்கிறார். கொடுக்கவில்லை. இனி அடியாள் வேஷம் போட மாட்டேன் என்று வீட்டில் உட்கார்ந்துகொண்டார். ஏழு வருஷ ஒப்பந்தம். வேலைக்கு வராத நாட்களை எல்லாம் ஒப்பந்தத்தின் கடைசியில் ஒட்டிக்கொண்டே போனார்களாம்.

"அப்ப எப்பத்தான் முடிஞ்சுது?" என்றேன்.

"முடியப் போறப்பெல்லாம் மறுபடியும் மாட்டேன்னு உக்காந்திருக்காருப்பா."

"பல்லைக் கடிச்சுட்டு நடிச்சுக் குடுத்துட்டு வந்திருக்கலாமுல்ல?"

"நீங்களா இருந்தா அதைத்தான் பண்ணியிருப்பீங்க" என்றாள் மகள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

வயதான பிறகு கோழிப்பண்ணை வைத்துக்கொண்டு, யார் வந்தாலும் கதவைத் திறக்காமல் இருந்திருக்கிறார். அவர் செத்த செய்தியோடு பேப்பரில் வந்த படத்திலும் கையில் துப்பாக்கி இருந்ததாம்.

மகளுக்கு நர்சிங் காலேஜில் சீட் கிடைத்தபோது அறுபதாயிரம் ரூபாய் குறைந்தது. ஃபைனான்ஸ்காரரிடம் போனேன். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வட்டி வேண்டாம்ப்பா. வசூலுக்குக் கூப்பிடறப்ப வந்து நில்லு. ஒரு தடவை நின்னா ஐந்நூறு கழிச்சுக்கறேன்."

"நின்னு என்னங்க பண்ணோணும்?"

"ஒண்ணும் பண்ண வேண்டாம். படத்துல நின்ன மாதிரி நில்லு. வாயை மட்டும் தொறந்துறாதே. உன்ற குரலுக்குக் கோழிகூட நகராது. அப்பறம் ஸ்வெட்டரு, மப்ளரு, குல்லா ஒண்ணும் ஆகாது. மப்ளர் கட்டுன அடியாளை எவன் மதிப்பான்?"

"உடம்புக்கு முடியலீன்னா...?"

"வராத நாளைக்கு ஐந்நூறு ஏத்திக்குவேன்."

அதைக் கேட்டதுமே அந்த நடிகர் ஞாபகம் வந்தார். வந்தும் தலையாட்டினேன். காலேஜில் பணம் கட்ட ஒரு நாள்தான் பாக்கி இருந்தது.

இருபத்தாறு தடவை நின்றேன். லவ்டேலில், கோத்தகிரியில், ஊட்டியின் சந்துகளில். கதவைத் திறந்தவர்கள் என்னைப் பார்த்ததும் உள்ளே போய்ப் பணத்தோடு வருவார்கள். யாருக்காவது நெஞ்சு வலி வந்துவிட்டால் என்ன செய்வது என்பதே என் நினைப்பாக இருக்கும். நான் யாரையும் தொடவில்லை, ஒரு பொருளை எடுக்கவில்லை, நின்றேன், அவ்வளவுதான் என்று வழியெல்லாம் எனக்கே சொல்லிக்கொள்வேன். அதைப் பிடித்துக்கொண்டுதான் நாட்களைத் தள்ளினேன். கடன் நாற்பத்தேழாயிரத்துக்கு இறங்கியிருந்தது.

இருபத்தேழாவது தடவைதான் கட்டபெட்டு. பள்ளிக்கூடம் திறக்க ஒரு வாரம் இருந்தது. மழை விட்டு, மேகம் தரையோடு போய்க்கொண்டிருந்தது. நான் அரைக்கைச் சட்டையில். தையல்காரப் பெண் மெஷினில் உட்கார்ந்திருந்தாள். அவளைச் சுற்றி வெட்டி அடுக்கிய நீலத் துணி.

"பதினோராயிரத்து ஐந்நூறு" என்றார் ஃபைனான்ஸ்காரர். "மூணு மாசமா நாளைக்கு நாளைக்குன்னா எப்படிம்மா?"

"திருப்பூர்ல இருந்து ஊட்டுக்காரரு அனுப்பறேன்னாருங்க, இன்னும் வரலீங்க. இந்த யூனிபாரத்தை முடிச்சுக் குடுத்தா காசு வந்துருமுங்க."

பக்கத்து வீட்டு அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஏனுங்க, நீங்க அந்தப் படத்துல கெணத்துல உழுகற ஆளுதானுங்க?"

நான் தாடையை இறுக்கினேன்.

"அம்மா, நீங்க பேசாம இருங்க" என்றார் ஃபைனான்ஸ்காரர்.

"நான் என்ற பாவாடைக்கு வந்தவளுங்க. நீங்க பேசறதைப் பேசுங்க, நான் கேக்கறதைக் கேக்கறேன்."

ஃபைனான்ஸ்காரர் என் பக்கம் திரும்பினார். "மெஷினைத் தூக்கு."

இப்படி அவர் ஒருநாளும் சொன்னதில்லை. அந்தப் பெண் எழுந்து சுவரோரம் ஒதுங்கினாள். ஆனால் தைத்துக்கொண்டிருந்த நீலப் பாவாடையின் ஒரு நுனியை விடவில்லை. நான் பலகையின் இரண்டு பக்கமும் கை கொடுத்துத் தூக்கினேன். துணி விறைத்தது. ஊசி அதில் இறங்கியிருந்தது. இன்னும் ஒரு விரல்கடை தூக்கினால் கிழிந்துவிடும். ஏதோ ஒரு பிள்ளையின் பாவாடை. மெஷினைக் கீழே வைத்தேன்.

"ஊசி துணியில இருக்குதுங்க" என்றேன். "கிழிஞ்சுருமுங்க."

வாயைத் திறந்ததும் அவ்வளவு நேரம் அடக்கி வைத்திருந்த பற்கள் கடகடவென்று அடித்துக்கொண்டன. நிறுத்த முடியவில்லை.

"அட, இந்த மனுசனுக்குக் குளுருதுடி!" என்று பக்கத்து வீட்டு அம்மா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு சிரித்தார். வாசலில் நின்ற டிரைவர் மேகத்தைப் பார்க்கிற மாதிரித் திரும்பிக்கொண்டார். தையல்காரப் பெண் சிரிக்கவில்லை. ஃபைனான்ஸ்காரரைப் பார்த்து, "ஒரு ஸ்வெட்டருகூட இல்லாமயா கூட்டியாந்தீங்க இவரை?" என்றாள். ஆணியில் தொங்கிய காப்பிக்கலர் ஸ்வெட்டரை எடுத்து நீட்டினாள். "போடுங்கண்ணா. அவுரோடதுதான்."

அதை வாங்கினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். மகளின் ஹாஸ்டல், அடுத்த வருஷ ஃபீஸ், வீட்டு வாசலில் என் முன்னால் வேறொருவன் வந்து நிற்பது, எல்லாவற்றையும் ஒரு சுற்று நினைத்துவிட்டுத்தான் வாங்கினேன். ஸ்வெட்டரின் கைகள் மணிக்கட்டுக்கு மேலேயே நின்றுவிட்டன. ஆனால் கதகதப்பாக இருந்தது.

ஃபைனான்ஸ்காரர் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் தேவலை.

"நல்லாருக்குதா? சரி. இன்னைக்கு நின்னது கணக்குல வராது. அதைக் கழட்டிப்போட்டு மெஷினைத் தூக்குனீன்னா பழையபடி இருப்போம். இல்லீன்னா இந்தம்மா பாக்கியும் உன்ற தலையில ஏறும். ரெண்டுல ஒண்ணு சொல்லு."

தைரியம் வந்துவிட்டது என்று யாரும் நினைக்க வேண்டாம். கழற்றிவிடு, கழற்றிவிடு என்றுதான் மனசு சொன்னது. கை மேலே போகவில்லை. அதற்குள் அந்தப் பெண் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து மிதிக்க ஆரம்பித்துவிட்டாள். பாவாடை ஓரம் நேராக ஓடிக்கொண்டிருந்தது. நாங்கள் நான்கு பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

ஃபைனான்ஸ்காரர் சட்டைப்பையிலிருந்து நோட்டை எடுத்து, அவள் பாக்கியை என் பேரில் எழுதினார். டிரைவரைக் கூட்டிக்கொண்டு போனார். என்னை ஏற்றிக்கொள்ளவில்லை. பஸ் வரும்வரை பக்கத்து வீட்டு அம்மா அந்தக் கிணற்றில் நிஜமாகவே தண்ணீர் இருந்ததா என்று கேட்டுக்கொண்டிருந்தார். முழங்கால் அளவுதான் என்றேன்.

அதற்குப் பிறகு அவர் என்னை நிற்கக் கூப்பிடவில்லை. நடுங்கின அடியாள் என்று கோத்தகிரி வரை தெரிந்துவிட்டது, இனி இந்த முகத்தால் காசு இல்லை. நிற்க வேண்டாம் என்பதில் வந்த நிம்மதி இரண்டு நாள்கூட நிற்கவில்லை. நின்றால்தானே கழியும்? தையல்காரப் பெண் மூன்று மாதமாக மாதம் ஐந்நூறு எனக்குப் போனில் அனுப்புகிறாள். அதை அப்படியே அவருக்கு அனுப்பிவிட்டு, போய்ச் சேர்ந்ததா என்று நான்கு முறை பார்க்கிறேன். என் சம்பளத்தில் இதுவரை ஒரு ரூபாய்கூட இதற்கென்று ஒதுக்க முடியவில்லை. இன்றைய தேதிக்கு என் பேரில் நிற்பது ஐம்பத்தேழாயிரம் ரூபாய்.