ஜெயரூபன் விசாரிக்கும் மருந்து

எங்கள் தோட்டத்து லயத்தில், அந்த வரிசை வீடுகளில், ஜெயரூபனை விடச் சோம்பேறி கிடையாது என்று அவன் பெண்சாதி ஜீவராணி சொல்லுவாள். மெதுவாகச் சொல்ல மாட்டாள். அவள் ஒரு சத்தம் போட்டால் பண்டாரவளையில் நிற்கிற ரயில் தானாகக் கிளம்பிவிடும். அவனோ தேயிலைத் தொழிற்சாலையில் தூள் சலிக்கிறவன். மாலையில் அவன் தலையில் வெந்நீர் ஊற்றினால் தோட்டத்துக்கே பிளேன்டீ கொடுக்கலாம். இரண்டு பேரும் சண்டை போட்டுக்கொண்டே ஒரே தட்டில் சாப்பிடுவார்கள்.

போன வருஷம் ஜீவராணி விறகு பொறுக்கப் போனாள். தேயிலைச் செடிகளைக் கட்டையாக வெட்டிக் கவ்வாத்து செய்திருந்த மலை அது. ஒரு கட்டை அவள் கணுக்காலுக்கு மேலே குத்திவிட்டது. எங்கள் ஆட்களுக்குக் காயம் பட்டால் முதல் வைத்தியர் தேயிலைத் தூள்தான். ஜெயரூபன் ஒரு பிடி வைத்து அமுக்கினான்.

"பேசாம இருடி. வெள்ளக்காரன் குடிக்கிற தூளு. ஒங் காலுக்குக் கெடைச்சிருக்கு."

"அப்ப ஏலக்காயும் தட்டிப் போடுய்யா!"

தூள் கறுப்பாகக் காய்ந்து மூடிக்கொண்டது. புண் ஆறிவிட்டது என்று லயமே சொன்னது. உள்ளே சீழ் பிடித்தது ஒருத்தருக்கும் தெரியாது. காய்ச்சலும் நடுக்கமும் வந்தபோதும் மலைக் குளிர் என்றுதான் நினைத்தோம். அவளும் காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்குப் போய்ப் பேர் கொடுத்துவிட்டு மலை ஏறினாள். அங்கே உட்கார்ந்துவிட்டாள். கேட்டதற்குப் பதில் வேறெங்கோ போனது. ஜீவராணி சத்தமில்லாமல் இருக்கிறாள் என்றதும்தான் எங்களுக்குப் பயம் பிடித்தது. ஓட்டோவில் தூக்கிப் போட்டுப் பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம்.

அங்கே யாழ்ப்பாணத்து டொக்டர் துவாரகா பார்த்தார்.

"கிருமி இரத்தத்தில கலந்திட்டுது, ஐயா. இப்ப உடம்பு கிருமியோட மட்டும் இல்லை, தன்னோடயும் சண்டை பிடிக்குது. ஏலுமான மருந்தெல்லாம் குடுக்கிறம். மூச்சுக்கு மெஷினும் போட்டிருக்கிறம்."

ஜெயரூபன் வாசலை விட்டு அசையவில்லை. டொக்டர் வெளியே வரும்போதெல்லாம் ஒரே கேள்வி.

"வேற மருந்தே ஒலகத்துல இல்லீங்களா, டொக்டரம்மா?"

அவர் பொய் சொல்லத் தெரியாத பிள்ளை. பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார்.

"ஒண்டை ஆராயினம். ஸ்டெம் செல் எண்டு குருத்துக் கலங்கள் இருக்கு. அதுகள் கண்ணுக்குத் தெரியாத சின்னப் பைகளை வெளிய விடும். எக்ஸோசோம் எண்டு பேர். சண்டையை நிப்பாட்டு, பழுதானதைத் திருத்து எண்டு அந்தப் பைக்குள்ள செய்தி இருக்கு."

"லயத்துச் சண்டைய வெலக்குற தலைவர் மாதிரிங்களா?"

"அப்பிடித்தான். எலிகளில நல்லா வேலை செய்திருக்கு. மனிசரில இன்னும் பரிசோதனைதான். எங்களிட்ட இல்லை, ஐயா. எங்கயும் வாங்கவும் ஏலாது."

"எப்ப வருங்க?"

"தெரியாது. கன வருஷம் ஆகலாம்."

அவன் கொஞ்சம் யோசித்தான்.

"அப்ப அது வர்ற வரைக்கும் இவள அந்த மெஷின்லயே வச்சிருங்க. நான் ஒரு தொந்தரவும் குடுக்க மாட்டேன். இப்பிடி வெளியில ஒக்காந்திருக்கேன்."

டொக்டர் அவன் கையைப் பிடித்துக்கொண்டார். அடுத்த நாள் மத்தியானம் ஜீவராணி போய்விட்டாள்.

இப்போது ஜெயரூபன் சேற்றுச் செருப்போடு வீட்டுக்குள் நடக்கிறான். ஏன் என்று கேட்க ஆளில்லை. கொஞ்ச நேரம் நின்று பார்ப்பான். பிறகு வெளியே வந்து கழற்றி வைத்துவிட்டு மறுபடி உள்ளே போவான்.

போன மாதம் டொக்டர் துவாரகா தோட்டத்துக்கு வைத்திய முகாம் நடத்த வந்தார். இலவசம் என்றதும் செத்தவன்கூட எழுந்து வந்து பிரஷர் பார்ப்பான் போல அவ்வளவு பெரிய வரிசை. ஜெயரூபனும் நின்றான்.

"உங்களுக்கு என்ன வருத்தம், ஐயா?"

"எனக்கு ஒண்ணும் இல்லீங்க. அந்த மருந்து எதுவரைக்கும் வந்திருக்கு?"

டொக்டர் பேனாவைக் கீழே வைத்தார்.

"இன்னும் வரேல்லை, ஐயா. வேலை செய்துகொண்டுதான் இருக்கினம்."

"கொஞ்சம் வெரசாச் செய்யச் சொல்லுங்க. எனக்கு இனி எதுக்கு? இந்தா நிக்கிறாங்களே, இவங்க எல்லாருக்கும் காலு இருக்கு."

பின்னால் நின்ற பெண்கள் நகரச் சொல்லித் தள்ளினார்கள். அவன் நகரவில்லை. டொக்டர் இன்னும் ஏதாவது சொல்லுவார் என்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான்.